நந்தவன வாசலில் வைத்த மாலை

ஆடிப் பதினெட்டன்று ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் இடம் பிடிக்க வேண்டுமானால் கூட்டம் சேருவதற்கு முன்பே வந்துவிட வேண்டும். மயிலம்மாள் அப்படித்தான் வந்தாள். மண்ணச்சநல்லூருக்கு அப்பால் இருந்த தன் ஊரிலிருந்து மகனையும் புது மருமகளையும் கூட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி வந்து, தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த படிக்கு இரண்டு படி மேலே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் கட்டுச்சோற்றுக் கூடை, மறு பக்கம் காப்பரிசித் தூக்கு, மடியில் மஞ்சள் கயிறும் கருகமணியும். இனி அவளை அங்கிருந்து கிளப்பக் காவேரியே ஏறி வந்தால்தான் உண்டு.

"ராகுகாலம் கழிஞ்சுதான் பூசை. அதுவரைக்கும் நீங்களும் ஏன் என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உட்காந்திருக்கணும்?" என்றாள் மகனிடம். "அந்தப் புள்ள சீரங்கமே பார்த்ததில்லைங்குது. தெருவைக் காட்டி அழைச்சுக்கிட்டு வா."

மகன் வீரமலை அதற்காகவே காத்திருந்தவன் போல எழுந்தான். மருமகள் காளியாயி எழுந்ததும் மயிலம்மாள் கூடைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் துணி மூட்டையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இதை நீ வச்சுக்க. இங்க இருந்தா யாராவது மிதிச்சுப்புடுவாங்க. தரையில வச்சிராத."

மூட்டையில் இருந்தவை கல்யாண மாலைகள். வைகாசியில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாற்றிக்கொண்ட மாலைகளைத் தூர எறியாமல் காயவைத்துக் காப்பாற்றி, ஆடிப்பெருக்கன்று காவேரியில் விட்டுவிட்டு, பெண்ணுக்குப் புதுத் தாலிக்கயிறு மாற்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். வீரமலையின் மாலை கோழிக்கொண்டைப் பூவால் கட்டியது. காய்ந்தும் அதன் சிவப்புப் போகவில்லை. காளியாயியின் மாலை சம்பங்கி. அது சருகு நிறமாகிவிட்டிருந்தது.

காளியாயி மூட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு படி கீழே உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மாள் அடுத்த வீட்டுக்காரி. அதே பஸ்ஸில் வந்தவள்.

காளியாயி புகுந்த வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, உழவு மாடு ஒன்று விழுந்து செத்துப்போயிற்று. காளியாயியும் நிற்கையிலேயே கிணற்றடியில் வெள்ளையம்மாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வந்த காலு அப்படி. நாம என்னத்தைச் சொல்ல?" என்றாள். மயிலம்மாளும் அப்போது அங்கேதான் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஏசியிருந்தால் காளியாயி ஒரு பொழுது அழுது தீர்த்திருப்பாள். ஏசாததால், மாமியார் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே இத்தனை நாளும் அந்த வீட்டில் சாணி தெளித்து, கோலம் போட்டு, சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு கெட்டது நடந்தால் தனக்கு அந்த வீட்டில் இடமில்லை என்று அவளாகவே முடிவு கட்டி வைத்திருந்தாள்.

படியேறித் தெருவுக்கு வந்ததும் வீரமலைக்கு வாய் திறந்துகொண்டது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் பலமுறை வந்தவன். பெண்டாட்டிக்கு ஊர் காட்டுவதில் அவனுக்கு ஒரு பெருமை.

"இந்த மண்டபம் யாரு கட்டினதுங்க?" என்று அவள் கேட்டாள்.

"ராசா."

"எந்த ராசா?"

"அந்தக் காலத்து ராசா. இந்தக் காலத்து ராசாவா கட்டுவாரு?"

அவள் சிரித்துவிட்டாள். ஊரில் இருந்தபோது அவள் அப்படிச் சிரித்து வீரமலை பார்த்ததில்லை. அதனால் அவன் இன்னும் கொஞ்சம் அளந்தான்.

ஆற்றிலிருந்து மொட்டைக் கோபுரம் வரைக்கும் நேராகப் போகிற தெரு அது. குளித்துவிட்டு ஈரத்துணியோடு கோபுரத்தைப் பார்த்துப் போகிறவர்களும், கோபுரத்தடியிலிருந்து ஆற்றைப் பார்த்து வருகிறவர்களுமாக நடுத்தெரு நிறைந்திருந்தது. அரசமரத்தடியில் பிள்ளையாரைச் சுற்றிப் பெண்கள் மஞ்சள் நூல் கட்டினார்கள். கொஞ்சம் தள்ளி ஓர் அனுமார் கோயில். உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். காளியாயி இரண்டு இடத்திலும் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டே கும்பிட்டாள். ஒரு மடத்து வாசலில் பந்தல் போட்டு நீர்மோர் கொடுத்தார்கள். இஞ்சியும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட மோர். வீரமலை மூன்று தம்ளர் குடித்தான். ஊற்றியவர் நாலாவதும் ஊற்ற வந்தார்.

"போதுங்க சாமி. பெரிய வயிறுன்னு நினைச்சுக்கப் போறீங்க."

"நினைச்சாச்சு. குடி" என்றார் அவர்.

மடத்தைத் தாண்டியதும் தெருவின் இரு புறமும் வீடுகள் குறைந்து தென்னந்தோப்புகளும் நந்தவனங்களும் வந்தன. ஒரு நந்தவனத்தின் மதிலுக்கு மேலே செண்பகமரம் எட்டிப் பார்த்தது. எப்போதோ ஒரு செட்டியார் ரங்கநாதருக்குப் பூவும் துளசியும் கொடுப்பதற்கென்று எழுதிவைத்த தோட்டம். வாசல் கதவு திறந்தே கிடந்தது.

"உள்ள போயிப் பார்க்கலாம் வா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

காளியாயி வாசலில் நின்றுவிட்டாள்.

"என்ன புள்ள?"

"இது நாம கழுத்துல போட்டுக் கழிச்ச மாலைங்க. சாமிக்குப் பூக்கிற இடத்துக்குள்ள கொண்டு போகலாமா?"

"மூட்டைக்குள்ளதான் கிடக்கு? யாரு பார்க்கப் போறா?"

"யாரும் பார்க்கலைன்னா சரியாப் போயிடுமா?"

கதவுக்குப் பக்கத்தில், மதிலை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் பலகை இருந்தது. பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அதன் மேல் வாடிய துளசிச்சரம் ஒன்று கிடந்தது. தரையில் வைக்காதே என்று அத்தை சொன்னதும் மீறப்படாது, தோட்டத்துக்கும் தீட்டில்லை என்று காளியாயி மூட்டையை அந்தக் கல்லின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

உள்ளே வெயிலே தெரியவில்லை. பாத்தி பாத்தியாகத் துளசி. அதற்கு அப்பால் நந்தியாவட்டையும் மருக்கொழுந்தும் மல்லிகையும். ஒரு அம்மாள் மடிசார் கட்டிக்கொண்டு, இடுப்பில் பூக்குடலையோடு துளசி பறித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தைக் கவனித்துக்கொள்கிற சாரங்கபாணியின் மனைவி சத்யபாமா அவள். மனோரஞ்சிதச் செடியருகே காளியாயி போய்க் குனிந்தபோது, அந்த அம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"மோந்து பார்த்துடாதேம்மா! பெருமாளுக்குப் போறது."

காளியாயி சூடு பட்டதுபோல் பின்வாங்கினாள். முகம் சின்னதாகிவிட்டது. சத்யபாமா அதைக் கண்டு அருகில் வந்தாள்.

"பயந்துட்டியா? நான் ஒண்ணும் கோச்சுக்கலை. வாசனை தானா வந்தா வாங்கிக்கலாம், நாம மூக்கை நீட்டிண்டு போகப்படாது, அவ்வளவுதான். புதுசாக் கல்யாணம் ஆனவாளா?"

"ஆமாங்க. வைகாசியில."

"அதான் அவர் இப்படிப் பின்னாலேயே வரார்" என்று சத்யபாமா சிரித்தாள். வீரமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவள் அவர்களுக்குத் தோட்டம் முழுவதையும் சுற்றிக் காட்டினாள். ஏற்றக் கிணற்றையும், மாலை கட்டுகிற கொட்டகையையும், மூலையில் இருந்த ஆண்டாளின் சின்னச் சந்நிதியையும் பார்த்தார்கள். பறிக்காமல் தானாக உதிர்ந்து கிடந்த செண்பகம் ஒன்றை எடுத்து, "கீழே விழுந்தது பெருமாளுக்கு ஆகாது. உனக்கு ஆகும்" என்று காளியாயியின் தலையில் செருகினாள். அவர்கள் விடைபெற்றபோது, "வந்த வழியே போனா வெயில் அடிக்கும். கிணத்தடிக் கதவால போங்கோ, தோப்பு நிழல் ரயில்வே கேட் வரைக்கும் வரும்" என்று வேறு வாசலைத் திறந்துவிட்டாள்.

மனம் நிறைந்தவர்களுக்கு ஞாபகம் குறைவு. இருவரும் நிழலோடு நிழலாகப் பேசிக்கொண்டே ரயில்வே கேட்டைத் தாண்டி, மொட்டைக் கோபுரத்து வாசலைப் பார்த்து நின்று கும்பிட்டு, பக்கத்து ஓட்டலுக்குள் போனார்கள்.

காளியாயி அதுவரை ஓட்டலில் சாப்பிட்டதில்லை. ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வாயைத் திறப்பதா என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ரவா தோசை வந்தது. ஓட்டை ஓட்டையாக இருந்த அதைப் பார்த்து, "கிழிஞ்சு போயிருக்குங்க. வேற கேளுங்க" என்று அவன் காதில் சொன்னாள். பரிமாறுகிறவர் காதிலும் அது விழுந்துவிட்டது.

"அம்மா, ஓட்டை இல்லாத ரவா தோசை நாங்க போட்டா மொதலாளி என்னைக் கிழிச்சுடுவாரு" என்றார்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கை கழுவப் போனாள். குழாயடியில் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். தண்ணீர் இரண்டு கையிலும் விழுந்தபோதுதான் கைகள் இரண்டும் வெறுங்கைகள் என்று தெரிந்தது.

அவள் திரும்பி வந்த முகத்தைப் பார்த்து வீரமலை எழுந்துவிட்டான். "என்ன?"

"மூட்டை. அந்தக் கல்லு மேலேயே..."

வந்த காப்பியை அப்படியே விட்டு, காசை மேசையில் வைத்தார்கள். இருவரும் ஓடினார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் மாட்டுவண்டிகளும் சைக்கிள்களும் நின்றன. குனிந்து நுழையப் பார்த்த வீரமலையை கேட்காரர் தடுத்தார்.

"எங்கய்யா பறக்கற? காவேரி எங்கயும் போயிடாது."

கூட்ஸ் வண்டி ஒவ்வொரு பெட்டியாக ஊர்ந்தது. காளியாயி எண்ணவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். "ரங்கநாதா, அது அங்கேயே இருக்கணும்" என்பது மட்டும் மனத்தில் ஓடியது. ஆனால் கேட் திறந்து நந்தவனத்து வாசலுக்கு வந்தபோது கல்லின் மேல் ஒன்றும் இல்லை. துளசிச்சரமும் இல்லை. துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

வீரமலை மதிலுக்குப் பின்னும் முன்னும் தேடினான். வழியில் போனவர்களைக் கேட்டான். காளியாயி தேடவில்லை. அவள் கண்ணில் வேறொன்று பட்டுவிட்டது. கதவுக்கு உள்ளே, வேலியின் மேல், அலசிப் பிழிந்த மஞ்சள் துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

துணிக்கு அந்தப் பக்கம் ஒரு எருக்குழி. குழியோரம் சாரங்கபாணி குந்தி உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், நெற்றியில் திருமண், வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தார். கையில் அரிவாள். முன்னால் ஒரு மரக்கட்டை. கட்டையைச் சுற்றிக் கோழிக்கொண்டையின் சிவப்பு சிதறிக் கிடந்தது.

"சாமி, அது எங்களுது!" என்றாள் காளியாயி.

சாரங்கபாணி நிமிர்ந்து பார்த்தார். அவள் முகம், கழுத்து மஞ்சள் கயிறு, குழியின் சிவப்பு என்று மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அரிவாள் கையிலிருந்து நழுவிற்று.

"கல்யாண மாலையா? ஆத்துக்குக் கொண்டு போறதா?"

"ஆமாங்க."

"ரங்கா!" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அம்மா, அந்தக் கல் அதுக்குன்னே போட்டது. கோயில்ல குடுக்கற பிரசாத மாலை, அகத்துல பூஜை பண்ணின மாலை எல்லாம் வாடினா காலில மிதிபடக் கூடாதுன்னு அங்க வச்சுட்டுப் போவா. காலம்பற ஒரு தடவை, உச்சி வெயிலுக்கு முன்னாடி ஒரு தடவை நான் எடுத்து நறுக்கி எருவாப் போடுவேன். துணியில கட்டி வச்சாலும் துணியை அலசிக் காயப்போட்டு, மறுபடி வரவாளுக்குத் தருவேன். நாப்பது வருஷமா அப்படித்தான். நீ ஏம்மா அதுல வச்சே?"

"போட்டுக் கழிச்ச மாலையை சாமி தோட்டத்துக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு வச்சேங்க."

சாரங்கபாணி தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் செய்தது சரி. அவர் செய்ததும் சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவில் மாலை வெட்டுப்பட்டுப் போயிற்று.

"குழந்தே, வருத்தப்படாதே. எம்பெருமான் திருவுள்ளம் பாரு, இந்தப் பூ எருவாகி, அடுத்த வருஷம் துளசியாகி, அவன் திருமார்பிலேயே..."

"ஏன்னா" என்று பின்னாலிருந்து சத்யபாமாவின் குரல் கேட்டது. "அந்தப் பொண்ணுக்கு இப்ப உபன்யாசமா வேணும்? மாலை வேணும். குழியில இறங்குங்கோ."

சாரங்கபாணி மறுபேச்சுப் பேசாமல் இறங்கினார். வீரமலையும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தான். சம்பங்கி மாலை குழியோரத்தில் முழுதாகக் கிடைத்தது. அதை அவர் இன்னும் எடுத்து நறுக்கவில்லை. கோழிக்கொண்டைதான் விரல் நீளத் துண்டுகளாகி, பாதி கட்டையடியிலும் பாதி சாணியோடும் சருகோடும் கலந்து குழிக்குள்ளும் போயிருந்தது. மாலையின் குஞ்சம் மட்டும் வெட்டுப்படாமல் இருந்தது. சத்யபாமா ஒரு முறத்தைக் கொண்டுவந்தாள். நாலு பேரும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினார்கள். சாணி பட்டதைச் சத்யபாமா தண்ணீரில் அலசிக் கொடுத்தாள். ஏறக்குறைய பாதி தேறிற்று. மீதியைப் பிரிக்க முடியவில்லை.

காளியாயிக்கு அழுகை வரவில்லை. வெட்டுப்பட்டது தன்னுடைய மாலையாக இருந்திருக்கக் கூடாதா? புருஷனுடைய மாலை அல்லவா வெட்டுப்பட்டிருக்கிறது? இதைப் பார்த்தால் எந்தத் தாய்க்குத்தான் மனம் பதறாது?

வீரமலை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னான். "இந்தா பாரு. துண்டு எல்லாத்தையும் துணியில போட்டு முன்ன மாதிரியே கட்டிடுவோம். மூட்டையைப் பிரிக்காமலே ஆத்துல விட்டுடலாம். அம்மாவுக்குத் தெரியவா போவுது?"

சத்யபாமா காதில் விழாதவள்போல் முறத்தைத் தட்டினாள்.

காளியாயி வேலியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து விரித்தாள். அந்த வழி கதவு திறந்த வழியாகத்தான் இருந்தது. "வேண்டாங்க" என்றாள் கடைசியில். "அத்தைக்குத் தெரியாது, சரி. காவேரி ஆத்தாளுக்குத் தெரியுமே. எனக்கும் தெரியும். நாளைக்கு வீட்டுல ஒரு கன்னுக்குட்டி இருமினாக்கூட இதுனாலதானோன்னு நானே பயந்துக்கிட்டு கெடப்பேன். வெள்ளையம்மா சொன்னது போதாதுன்னு நானும் என்னைச் சொல்லிக்கணுமா?"

"வெள்ளையம்மா என்ன சொன்னா?" என்று வீரமலை கேட்டான். அவனுக்கு அந்தக் கிணற்றடிப் பேச்சே தெரியாது. அவள் சொன்னாள். "இதை எங்கிட்ட சொல்றதுக்கு இன்னிக்குத்தான் உனக்கு நாள் கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்டான்.

சாரங்கபாணி கிணற்றில் இரண்டு வாளி தலையில் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வந்தார்.

"நானும் வரேன். நறுக்கின கை என்னோடது. அந்த அம்மாகிட்ட நான் வந்து சொல்றதுதான் முறை."

"சாமி, உங்களுக்குக் கோயிலுக்குப் பூ கொண்டு போகணுமே" என்றான் வீரமலை.

"குடலையை நான் கொண்டு சேர்க்கறேன்" என்றாள் சத்யபாமா. "நீங்க போயிட்டு வாங்கோ. போற வழியெல்லாம் பேசிண்டே போகாதீங்கோ, அவா பாவம்."

அவர் பேசவில்லை. மோர்ப் பந்தலையும் அனுமாரையும் அரசமரத்தையும் தாண்டி மூவரும் வந்த வேகத்தில் யாருக்கும் எதுவும் கண்ணில் படவில்லை.

படித்துறையில் ராகுகாலம் கழிந்து பூசைகள் தொடங்கிவிட்டிருந்தன. மயிலம்மாள் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, வெற்றிலையை விரித்து, விளக்கேற்றக் காத்திருந்தாள். மகனுக்கும் மருமகளுக்கும் பின்னால் ஈர வேட்டியோடு ஓர் அய்யங்கார் வருவதைக் கண்டு எழுந்து நின்றாள்.

காளியாயி எதையும் பூசி மெழுகவில்லை. மூட்டையை மாமியாரின் முன்னால் பிரித்துக் காட்டினாள். "அத்தை, உங்க மகன் மாலை வெட்டுப்பட்டுப் போச்சு. பாதிதான் கிடைச்சுது. நீங்க தரையில வைக்காதேன்னு சொன்னீங்க. நான் கல்லு மேல வச்சேன். மறந்துட்டும் போயிட்டேன்."

"நறுக்கினது அடியேன்மா" என்று சாரங்கபாணி நடந்ததைச் சொன்னார். "அவ வச்ச காரணம் நல்ல காரணம். விசாரிக்காம எடுத்தது என் தப்பு. மன்னிக்கணும்."

"அம்மா, தோட்டத்துக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனது நானு. ஓட்டலுக்கும் நான்தான் கூப்பிட்டேன்" என்றான் வீரமலை.

மயிலம்மாள் மூவரையும் பார்த்தாள். பிறகு குனிந்து, துணியில் கிடந்த சிவப்புத் துண்டுகளை விரலால் கிளறினாள். குஞ்சத்தை எடுத்துப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. இதே மௌனத்தைத்தான் காளியாயி இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாள். ஆற்றில் குளிக்கிறவர்களின் கூச்சல் எங்கேயோ கேட்பதுபோல் இருந்தது.

கீழ்ப்படியிலிருந்த வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள். "அய்யய்யோ, மாப்பிள்ளை மாலையா? பொண்ணு மாலை முழுசா இருக்கு, ஆம்பளை மாலை வெட்டுப்பட்டிருக்கு. இது நல்லதுக்கா மயிலு? மாடு போனப்பவே நான்..."

மயிலம்மாள் திரும்பினாள்.

"மாடு போனப்ப நீ சொன்னதை நானும் கேட்டேன் வெள்ளையம்மா. அன்னிக்கே நான் பதில் சொல்லியிருக்கணும். மாடு செத்த வயித்தெரிச்சல்ல வாயைத் திறந்தா கண்டதையும் சொல்லிடுவேன்னு போயிட்டேன். அது என் தப்பு. அந்த மாட்டுக்கு சித்திரையிலேயே நோவு. மாட்டு டாக்டரு வந்து கையை விரிச்சுட்டுப் போனாரு. அப்ப இந்தப் புள்ள எந்த ஊருல இருந்துச்சு? எங்க வீட்டு வாசல்லயா நின்னுச்சு?"

வெள்ளையம்மாள் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மயிலம்மாள் விடுவதாக இல்லை.

"நல்லதுக்கான்னு கேட்டியே, சொல்றேன். நல்லதுக்குத்தான். சாமி தோட்டம் தீட்டாகக் கூடாதுன்னு என் மருமக வெளியில வச்ச மாலை. அதுல பாதி பெருமாளுக்குத் துளசி முளைக்கப் போயிருக்கு, பாதி காவேரி ஆத்தாளுக்குப் போவப் போவுது. இந்தப் படியில இருக்கிற யாரு வீட்டு மாலை ரெண்டு இடத்துக்குப் போயிருக்கு, நீ சொல்லு?"

சாரங்கபாணி இதைக் கேட்டுக் கண்ணை மூடிக் கைகூப்பினார். தான் குழியோரத்தில் சொல்லத் தொடங்கி முடிக்காத உபன்யாசத்தை இந்த அம்மாள் நாலு வரியில் முடித்துவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

காளியாயிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. குழியோரத்தில் வராத அழுகை படித்துறையில் நிற்காமல் வந்தது.

"ஏண்டி, அழுதது போதும். ஆத்துல தண்ணி இருக்கிறது பத்தலையா?" என்றாள் மயிலம்மாள். "இப்படி ஆளுக்கு ஆள் வந்து குத்தத்தை அள்ளிக்கிட்டீங்கன்னா எனக்கு ஒண்ணும் மிச்சமில்லையே. வந்து விளக்கை ஏத்து."

காளியாயி விளக்கேற்றினாள். பூசை முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முதலில் சம்பங்கி மாலையையும் பிறகு இரண்டு கை நிறையச் சிவப்புத் துண்டுகளையும் விட்டார்கள். பெருக்கெடுத்த ஆறு எதையும் நின்று பார்க்கவில்லை, எடுத்துக்கொண்டு போயிற்று. மயிலம்மாள் மருமகளைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்துப் புதுக் கயிறு மாற்றினாள். முடிச்சுப் போடும்போது அவள் விரல்கள் கழுத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றன.

சாரங்கபாணி விடைபெற்றுக்கொண்டு கிளம்பினார். அவர்கள் வீட்டுப் புளியஞ்சோறும் எலுமிச்சஞ்சோறும் அவர் கையில் வாங்க மாட்டார் என்பது மயிலம்மாளுக்குத் தெரியும். அவரைச் சங்கடப்படுத்தாமல், ஊறவைத்த அரிசியும் வெல்லமுமான காப்பரிசியைத் தூக்கோடு நீட்டினாள். "இது அடுப்புல ஏறாதது சாமி. எடுத்துக்கலாமில்ல?"

"பேஷா எடுத்துக்கலாம்" என்று அவர் உள்ளங்கை நிறைய வாங்கி, அங்கேயே நின்று தின்றார். "ஆத்துக்காரிக்கு?" என்று மறுபடியும் கையை நீட்டினார். அதற்கும் காளியாயி போட்டாள்.

அவர் படியேறிப் போனதும் மயிலம்மாள் சோற்றுக் கூடையைப் பிரித்தாள். வெள்ளையம்மாள் ஆற்றைப் பார்த்தபடி கீழ்ப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் கொண்டுவந்த கூடை பிரிக்கப்படாமலே இருந்தது.

மயிலம்மாள் மருமகளின் முழங்கையை இடித்தாள். "அவளுக்கும் ஒரு கை காப்பரிசி குடு. வாய் சும்மா இருக்க வேண்டாம்."

காளியாயி கீழே இறங்கிப் போய், வெள்ளையம்மாளின் முந்தானையை விரிக்கச் சொன்னாள். ஒரு கை போட்டாள். பிறகு, யாரும் சொல்லாமலே, இன்னொரு கையும் போட்டாள்.